சியரா லியோன் போரை நிறுத்தியது யார், அப்புறம் என்ன ஆயிற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் ஐம்பத்து நான்கு நாடுகள் இருக்கும்போது ஏன் இந்த ஒரு சின்ன நாடு?

"ஆப்பிரிக்காவில் ஐநா என்ன கிழித்தது?" என்று கேட்பவர்கள் ருவாண்டாவைக் காட்டுவார்கள். 1994இல் இனப்படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே அமைதிப்படையின் எண்ணிக்கையைக் குறைத்த கதை அது. மறுத்துப் பேசுபவர்கள் மொசாம்பிக்கைக் காட்டுவார்கள். அங்கே இரண்டு தரப்பையும் ரோமில் ஒரு கத்தோலிக்க அமைப்பு உட்காரவைத்துப் பேசி, 1992இல் போரை முடித்துவைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் இந்த இரண்டுமே நடந்தன. அவமானப்படும் அளவுக்குத் தோற்றார்கள், பிறகு அதே இடத்தில் ஜெயித்தார்கள். நல்லிணக்கம் என்ற பெயரில் உலகத்தில் இருக்கும் எல்லா மருந்தையும் (அமைதிப்படை, பொது மன்னிப்பு, சர்வதேச நீதிமன்றம், உண்மை ஆணையம், இழப்பீடு, வைரத் தடை) பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் ஒரே நாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாடும் தமிழ்நாட்டில் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்பதால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பார்ப்பது மற்ற இடங்களைவிட எளிது.

போர் வைரத்துக்காகத்தானே நடந்தது?

வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். 1991 மார்ச் 23 அன்று லைபீரிய எல்லையைத் தாண்டி, கைலாஹுன் மாவட்டத்தின் பொமாரு என்ற ஊரில் முதல் தாக்குதல் நடந்தது. நடத்தியது புரட்சிகர ஐக்கிய முன்னணி, சுருக்கமாக ஆர்.யூ.எஃப். தலைவர் ஃபோடே சங்கோ, ஒருகாலத்தில் ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்து பிறகு புகைப்படக்காரராகப் பிழைத்தவர். பின்னால் இருந்து உதவியவர் லைபீரியாவின் சார்ல்ஸ் டெய்லர். கோனோ மாவட்டத்து வைரம் போரை நீட்டித்தது, ஆயுதம் வாங்க உதவியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிறகு வந்த உண்மை ஆணையம் (போரில் நடந்ததை விசாரித்துப் பதிவு செய்த குழு), போருக்கு மூல காரணம் வைரம் அல்ல என்று அறிக்கையில் எழுதிவைத்தது. பல வருட ஊழல், தலைநகர் ஃபிரீடவுனில் மட்டுமே குவிந்த அதிகாரம், ஊர்ப் பெரியவர்கள் இளைஞர்களை அடக்கிவைத்த முறை, இப்படி எதுவுமே கிடைக்காமல் வளர்ந்த ஒரு தலைமுறை என்று காரணங்களை அடுக்கியது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. வைரம் இல்லாத ஊர்களிலும் பையன்கள் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்கள்.

கைகளை வெட்டியது உண்மையா, மிகைப்படுத்தலா?

உண்மை. 1996இல் தேர்தல் வந்தபோது, எதிர்காலம் உங்கள் கையில் என்று வாக்காளர்களிடம் சொல்லப்பட்டது, ஆர்.யூ.எஃப். ஆட்கள் கைகளையே வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் "முழுக்கையா, அரைக்கையா" என்று சட்டைக்குக் கேட்பதுபோலக் கேட்டார்கள் என்று தப்பியவர்கள் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். கொடுமை ஒரு தரப்போடு நிற்கவும் இல்லை. பகலில் சிப்பாய், ராத்திரியில் கொள்ளைக்காரன் என்று இருந்த ராணுவத்தினரை மக்களே "சோபெல்" என்று அழைத்தார்கள். அரசின் பக்கம் நின்ற கமாஜோர் வேட்டைக்காரர்கள் மீதும் கொலைக் குற்றச்சாட்டுகள் உண்டு. பதினோரு வருடத்தில் இறந்தவர்கள் 50,000 பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்கு மேலும் மதிப்பீடுகள் இருக்கின்றன. சுமார் 20 லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள்.

முதலில் வந்து தடுத்தது ஐநாவா?

இல்லை, பக்கத்து நாடுகள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எக்கோவாஸ், வணிகத்துக்காக 1975இல் தொடங்கிய அமைப்பு. லைபீரியா எரிந்தபோது 1990இல் எக்கோமாக் என்று ஒரு படையை உருவாக்கியது. 1997 மே மாதம் சியரா லியோனில் ராணுவப் புரட்சி நடந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி அஹ்மத் தேஜான் கப்பா நாட்டை விட்டு ஓடியபோது, அடுத்த வருடம் புரட்சிக்காரர்களை ஃபிரீடவுனிலிருந்து விரட்டி அவரை மறுபடி உட்காரவைத்தது இந்தப் படைதான். படையில் பெரும்பகுதி நைஜீரியர்கள். அப்போது நைஜீரியாவை ஆண்டவர் சானி அபாச்சா. சொந்த நாட்டில் ஜனநாயகத்தை மூட்டை கட்டி வைத்திருந்த சர்வாதிகாரி பக்கத்து நாட்டில் ஜனநாயகத்தை மீட்டுக் கொடுத்த வேடிக்கை அது.

ஐநா 1998 ஜூலையில் அனுப்பியது ஆயுதமில்லாத சில டஜன் பார்வையாளர்களை. 1999 ஜனவரி 6 அன்று கலகக்காரர்கள் ஃபிரீடவுனுக்குள் புகுந்து நகரத்தின் கிழக்குப் பகுதியைச் சூறையாடியபோது, தெருத் தெருவாகச் சண்டை போட்டு அவர்களைத் தள்ளியதும் எக்கோமாக்தான். அந்தச் சண்டையில் நைஜீரியப் படையினரும் கைதிகளை விசாரணையில்லாமல் சுட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்கிறது. காப்பாற்ற வந்தவர்கள் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

லோமே ஒப்பந்தத்தில் சங்கோவுக்கே பதவி கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள். 1999 ஜூலை 7 அன்று டோகோவின் தலைநகர் லோமேயில் கையெழுத்தான ஒப்பந்தம் அது. சங்கோவுக்குத் துணை ஜனாதிபதி அந்தஸ்து, கூடவே நாட்டின் கனிம வளங்களை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைவர் பதவி. அதாவது வைரத்துக்குக் காவல் அவர். கலகக்காரர்கள் எல்லோருக்கும் முழுப் பொது மன்னிப்பு. அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனின் தூதர் ஜெஸ்ஸி ஜாக்சன் உட்பட எல்லோரும் கப்பாவை அழுத்தினார்கள். நைஜீரியாவில் புதிய அரசு வந்திருந்தது, படையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும் அவசரம் அவர்களுக்கு. கப்பாவிடம் சொந்தமாக நம்பும்படியான ராணுவம் இல்லை. இன்று உட்கார்ந்துகொண்டு "எப்படிக் கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்பது சுலபம், ஜனவரியில் தலைநகரே எரிந்ததைப் பார்த்தவருக்கு ஜூலையில் வேறு என்ன வழி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நாட்டின் கிறிஸ்தவ, முஸ்லிம் தலைவர்கள் சேர்ந்து நடத்திய சமயங்களுக்கு இடையிலான மன்றமும் இரு தரப்புக்கும் நடுவே நடந்து நடந்து இந்தப் பேச்சுக்கு வழி செய்தது.

இதில் ஒரு சின்ன விஷயம் பின்னால் பெரிதாயிற்று. ஐநாவின் சார்பில் கையெழுத்துப் போட வந்த ஃபிரான்சிஸ் ஒகெலோ, இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க் குற்றம் ஆகியவற்றுக்கு இந்தப் பொது மன்னிப்பு பொருந்தாது என்பதே ஐநாவின் நிலை என்று கையாலேயே ஒரு வரி சேர்த்தார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐநா படையினரையே பிணைக்கைதிகளாகப் பிடித்தார்கள் என்கிறார்களே, இந்தியர்களுமா?

ஆமாம். லோமேக்குப் பிறகு 1999 அக்டோபரில் ஐநா பாதுகாப்பு அவை 6,000 பேர் கொண்ட அமைதிப்படைக்கு அனுமதி கொடுத்தது. யுனாம்சில் என்பது அதன் சுருக்கப் பெயர். முதல் தளபதி இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லி. 2000 மே தொடக்கத்தில் ஆர்.யூ.எஃப். சுமார் 500 அமைதிப்படையினரைப் பிடித்துவைத்தது. ஜாம்பியர்கள், கென்யர்கள், இந்தியர்கள் என்று பல நாட்டவர். துப்பாக்கி, வண்டி, சீருடை எல்லாம் பறிபோயின. கைலாஹுனில் இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய கூர்க்கா வீரர்கள் இரண்டரை மாதம் முற்றுகையில் கிடந்தார்கள். கடைசியில் ஜூலை நடுவில் 'ஆபரேஷன் குக்ரி' என்ற பெயரில் ஹெலிகாப்டர்களோடு போய் அவர்களை மீட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் அசிங்கம். நைஜீரிய அதிகாரிகள் சிலர் கலகக்காரர்களோடு சேர்ந்து வைரத்தில் ஆதாயம் பார்க்கிறார்கள் என்று ஜெட்லி எழுதிய உள் அறிக்கை வெளியே கசிந்தது, நைஜீரியா கொந்தளித்தது, இந்தியா தன் படையைத் திரும்பப் பெற்றது. கென்யாவின் டேனியல் ஒபாண்டே தளபதி ஆனார். அமைதிப்படை என்றால் நீலத் தொப்பி போட்ட ஒரே அணி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு நாட்டுப் படையும் தன் தலைநகரிடம் கேட்டுக்கொண்டுதான் நகரும்.

அப்படியென்றால் போர் எப்படித்தான் நின்றது?

ஒரே காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆங்கிலேயர்களைக் கேட்டால் 2000 மே மாதம் பிரிட்டிஷ் படை ஃபிரீடவுன் விமான நிலையத்தில் இறங்கியதுதான் என்பார்கள். அது முக்கியம்தான், அவர்கள் வராவிட்டால் அமைதிப்படையே ஓடியிருக்கக்கூடும். அதே மாதம் சங்கோவின் வீட்டு முன் மக்கள் திரண்டு போராடினார்கள், அவருடைய ஆட்கள் சுட்டதில் இருபது பேர் வரை இறந்தார்கள், சங்கோ தப்பி ஓடி சில நாளில் பிடிபட்டார். பிறகு ஆர்.யூ.எஃப். கினி நாட்டுக்குள் நுழைந்து வாலாட்டப் போக, கினி ராணுவம் திருப்பி அடித்ததில் அவர்களுக்குப் பலத்த சேதம். 2001இல் லைபீரியாவின் மீது ஐநா தடைகள் வந்தன, டெய்லரின் கை கட்டப்பட்டது. அமைதிப்படை 17,500 வரை உயர்த்தப்பட்டது, அன்றைக்கு உலகத்திலேயே பெரிய ஐநா படை. 2000 நவம்பரிலும் 2001 மேயிலும் நைஜீரியாவின் அபுஜாவில் நடந்த பேச்சுகளில், புதிய ஆர்.யூ.எஃப். தலைவர் இசா செசே ஆயுதங்களை ஒப்படைக்கச் சம்மதித்தார்.

2002 ஜனவரி 18 அன்று லுங்கி என்ற ஊரில் ஆயுதங்களைக் குவித்து எரித்து, போர் முடிந்தது என்று கப்பா அறிவித்தார். மே மாதம் தேர்தல்.

ஆயுதம் ஒப்படைத்தவர்களுக்குப் பணம் கொடுத்தது நியாயமா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. 72,000 பேருக்கு மேல் ஆயுதம் ஒப்படைத்தார்கள். உலக வங்கி நிர்வகித்த நிதியிலிருந்தும் நன்கொடை நாடுகளிடமிருந்தும் பணம் வந்தது. முகாமுக்கு வந்த போராளிக்கு ஊர் திரும்பும் செலவுக்கென்று ஒரு கட்டத்தில் 300 டாலர் வரை தரப்பட்டது, பிறகு தச்சு, கொத்தனார் வேலை, தையல் போன்ற தொழிற்பயிற்சி. சியரா லியோன் போன்ற நாட்டில் 300 டாலர் அப்போது பெரிய தொகை. கையை வெட்டியவன் அதை வாங்கிக்கொண்டு போகும்போது, கையை இழந்தவர் ஃபிரீடவுனின் மர்ரே டவுன் முகாமில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

தேவையா என்று கேட்டால், தேவைதான். பசியோடு இருக்கும் 70,000 துப்பாக்கிக்காரர்களை வைத்துக்கொண்டு எந்த நாடும் தூங்க முடியாது. ஆனால் முதல் பணம் யாருக்கு, கடைசிப் பணம் யாருக்கு என்பதில்தான் சர்வதேச அமைப்புகளின் மனசு தெரிகிறது என்பது என் கருத்து. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு உடனே கிடைக்கும், வைத்திராதவர் காத்திருக்க வேண்டும். சியரா லியோனில் பாதிக்கப்பட்டவர்கள் ஏழெட்டு வருடம் காத்திருந்தார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

சிறுவர்கள் என்ன ஆனார்கள்?

ஆயுதம் ஒப்படைத்தவர்களில் கிட்டத்தட்ட 7,000 பேர் சிறுவர்கள். அவர்களுக்குப் பணம் தரவில்லை. யுனிசெஃபும் அதனோடு வேலை செய்த அமைப்புகளும் இடைக்காலப் பராமரிப்பு மையங்களில் வைத்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்பினார்கள், பள்ளியில் சேர்த்தார்கள். இந்த வேலை நன்றாகவே நடந்தது.

ஓட்டை எங்கே என்றால் பெண் பிள்ளைகளிடம். பதிவான சிறுவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. கடத்தப்பட்டு, தளபதிகளுக்கு "மனைவி" ஆக்கப்பட்டு, சமைத்து, சுமந்து, பிள்ளையும் பெற்ற ஆயிரக்கணக்கான பெண்களிடம் ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லை, துப்பாக்கி இல்லாவிட்டால் முகாமில் இடம் இல்லை. அவர்கள் சத்தமில்லாமல் ஊருக்குப் போனார்கள் அல்லது போக முடியாமல் பிடித்துச் சென்றவனோடேயே இருந்தார்கள்.

பொது மன்னிப்பு கொடுத்தாயிற்றே, பிறகு நீதிமன்றம் எப்படி வந்தது?

ஒகெலோ எழுதிய அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு. 2000 ஜூனில், பிணைக்கைதிச் சம்பவத்துக்குப் பிறகு, கப்பாவே ஐநா பொதுச்செயலாளர் கோஃபி அன்னானுக்குக் கடிதம் எழுதி நீதிமன்றம் கேட்டார். 2002 ஜனவரியில் ஐநாவும் சியரா லியோன் அரசும் ஒப்பந்தம் போட்டன. இது ருவாண்டாவுக்காக ஐநா அமைத்த நீதிமன்றத்தைப் போன்றது அல்ல. அது பக்கத்து நாடான டான்சானியாவின் அருஷாவில் இருந்தது. (டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளி நீதிபதி நவநீதம் பிள்ளை தலைமை வகித்த நீதிமன்றம் அது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998இல் அங்கே தீர்ப்பு சொன்ன மூவரில் அவரும் ஒருவர்.) சியரா லியோன் நீதிமன்றம் ஃபிரீடவுனிலேயே, சம்பவம் நடந்த மண்ணிலேயே உட்கார்ந்தது. உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் கலந்து இருந்தார்கள். மரண தண்டனை கிடையாது. செலவுக்குப் பெரும்பாலும் நாடுகள் தாமாகக் கொடுக்கும் நன்கொடை, எனவே எப்போதும் பற்றாக்குறை.

"மிகப் பெரிய பொறுப்பு உடையவர்கள்" மட்டும் என்பது விதி. 13 பேர் மீது குற்றச்சாட்டு, 9 பேருக்குத் தண்டனை. சிறுவர்களைப் படையில் சேர்த்த குற்றத்துக்காகச் சர்வதேச நீதிமன்றம் ஒன்று முதல்முறையாகத் தண்டித்தது இங்கேதான், 2007இல். கட்டாயத் திருமணத்தை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக ஏற்றதும் இங்கேதான். 15 முதல் 18 வயதுக்குள் இருந்த சிறுவர்கள் மீது வழக்குப் போட மாட்டேன் என்று தலைமை வழக்கறிஞர் டேவிட் கிரேன் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார். அது நல்ல முடிவு.

சார்ல்ஸ் டெய்லர் எப்படி மாட்டினார்?

2003 ஜூனில் அவர் கானாவின் அக்ராவில் சமாதானப் பேச்சுக்குப் போயிருந்த நாளில் நீதிமன்றம் அவர் மீதான குற்றச்சாட்டைப் பகிரங்கமாக்கியது. கானா அவரைப் பிடிக்காமல் ஊருக்கு அனுப்பிவைத்தது, விருந்தாளியைப் பிடித்துக்கொடுக்கும் சங்கடம். சமாதானத்தைக் கெடுக்கிறார்கள் என்று நீதிமன்றத்தைத் திட்டியவர்கள் நிறைய. ஆனால் ஆகஸ்டில் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவில் தஞ்சம் புகுந்தார். 2006 மார்ச்சில் கேமரூன் எல்லையில் பிடிபட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் வைத்து விசாரித்தால் கலவரம் வரும் என்று நெதர்லாந்தின் தி ஹேக்கிற்குக் கொண்டுபோனார்கள். 2012இல் 50 வருடத் தண்டனை, 2013இல் மேல்முறையீடும் தள்ளுபடி, இப்போது பிரிட்டிஷ் சிறையில். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு சர்வதேச நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட முதல் முன்னாள் நாட்டுத் தலைவர் அவர்.

நடுவில் 2010இல் மாடல் அழகி நவோமி கேம்பெல் வைரம் பற்றிச் சாட்சி சொல்ல வந்த அன்று மட்டும் உலகத்து கேமராக்கள் எல்லாம் நீதிமன்ற வாசலில் நின்றன. மற்ற நாட்களில் சாட்சி சொன்னவர்கள் கையில்லாதவர்கள்.

எல்லோரும் அந்த நீதிமன்றத்தை ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. ஹிங்கா நார்மன் விஷயத்தில் பலருக்கு இன்றுவரை கோபம். ஆர்.யூ.எஃப்.ஐ எதிர்த்துக் கமாஜோர்களைத் திரட்டியவர், தெற்கிலும் கிழக்கிலும் மெண்டே இன மக்களுக்கு அவர் வீரர். 2003 மார்ச்சில் அமைச்சராக இருக்கும்போதே கைது செய்யப்பட்டார். தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2007இல், சிகிச்சைக்குப் போன செனகலில் இறந்தார். மறுபக்கம் பார்த்தால் சங்கோ காவலிலேயே 2003இல் இறந்துபோனார், ஆயுதத்தை ஒப்படைக்கச் சம்மதித்த இசா செசேவுக்கு 52 வருடம் கிடைத்தது. "ஆயுதத்தைப் போடச் சொன்னீர்கள், போட்டேன், பிடித்து உள்ளே வைத்தீர்கள்" என்று நினைக்கும் அடுத்த நாட்டுத் தளபதி ஆயுதத்தைப் போடுவாரா என்பது வெறும் வாதத்துக்கான கேள்வி அல்ல. செசேயின் குற்றங்கள் நிரூபிக்கப்பட்டவை, தண்டனை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீதி வேண்டும், பேச்சுவார்த்தையும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பவர்கள் இந்தச் சிக்கலைத் தாண்டிப் போக முடியாது.

நீதிமன்றம் இருக்கும்போது உண்மை ஆணையம் எதற்கு?

லோமே ஒப்பந்தத்தில் மன்னிப்புக்கு ஈடாகத்தான் ஆணையம் வந்தது. பிறகு நீதிமன்றமும் வந்து சேர்ந்ததால் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில். மக்களுக்கு ஒரே குழப்பம். ஆணையத்திடம் போய்ச் சொன்னால் நீதிமன்றத்துக்குப் போய்விடும் என்று பயந்து முன்னாள் போராளிகள் பலர் வாய் திறக்கவில்லை. நார்மன் ஆணையத்தின் முன் பகிரங்கமாகப் பேச விரும்பினார், நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

ஆணையத்தில் ஏழு பேர். தலைவர் பிஷப் ஜோசஃப் ஹம்ப்பர் உட்பட நால்வர் உள்நாட்டவர், மூவர் வெளிநாட்டவர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலம் வாங்கினார்கள், 2003இல் மாவட்டம் மாவட்டமாகப் போய் விசாரணை நடத்தினார்கள், 2004இல் அறிக்கை கொடுத்தார்கள். யுனிசெஃப் உதவியோடு சிறுவர்கள் படிப்பதற்கென்றே தனியாக ஒரு அறிக்கை வந்தது, உலகத்தில் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. பெரிய அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ! எழுத்தறிவு குறைந்த நாட்டில் கட்டுக்கட்டாகப் புத்தகம் அச்சிடுவது யாருக்காக என்று தோன்றத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்த அறிக்கை இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் பதிலே இருக்காது.

கை கால் இழந்தவர்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது?

இழப்பீடு தர வேண்டும் என்று 2004இல் ஆணையம் பரிந்துரைத்தது: கை கால் இழந்தவர்கள், போரில் காயப்பட்டவர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், விதவைகள், சிறுவர்கள். ஓய்வூதியம், இலவச மருத்துவம், கல்வி என்று நல்ல திட்டம். அரசிடம் பணம் இல்லை. 2005 கடைசியில் ஐநா உருவாக்கிய அமைதி கட்டமைப்பு ஆணையம் முதன்முதலில் எடுத்துக்கொண்ட இரண்டு நாடுகள் சியரா லியோனும் புருண்டியும். அதோடு சேர்ந்த நிதியிலிருந்து 2008இல் 30 லட்சம் டாலர் வந்தது. பதிவு செய்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். பலருக்குக் கிடைத்தது அந்நாட்டு நாணயத்தில் 3 லட்சம் லியோன், அன்றைய மதிப்பில் சுமார் 100 டாலர்.

சரி, கணக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்: போராளிக்கு முன்னூறு, முதலில். கை போனவருக்கு நூறு, போர் முடிந்து ஏழு வருடம் கழித்து. நார்வே நாட்டு அகதிகள் அமைப்பு ஒன்று கை கால் இழந்தவர்களுக்கு வீடுகள் கட்டிக்கொடுத்தது, அது உருப்படியான உதவி. ஆனால் சில குடியிருப்புகள் ஊரை விட்டுத் தள்ளி இருந்ததால் பிச்சை எடுக்கவோ வேலை தேடவோ மறுபடி நகரத்துக்கு வர வேண்டியிருந்தது.

ஊர் மக்கள் தாங்களாகவே சமாதானம் ஆனதாகச் சொல்கிறார்களே?

ஃபம்புல் டாக் என்ற முயற்சியைக் கேட்கிறீர்கள். அந்த நாட்டில் பேசும் கிரியோ மொழியில் குடும்பப் பேச்சு என்று பொருள். ஜான் கால்கர் என்ற மனித உரிமைச் செயற்பாட்டாளர் தொடங்கியது, முதல் கூட்டம் 2008இல் கைலாஹுன் பக்கம் நடந்தது. ஊர் நடுவில் ராத்திரி தீ மூட்டி எல்லோரும் உட்காருவார்கள். பாதிக்கப்பட்டவர் எழுந்து நடந்ததைச் சொல்வார், செய்தவன் எழுந்து ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பான், பெரியவர்கள் நடத்திவைப்பார்கள். மறுநாள் முன்னோர்களுக்குச் சடங்கு, பிறகு ஊருக்குப் பொதுவாக ஒரு வயல். செய்தவனும் பாதிக்கப்பட்டவரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தாக வேண்டும் என்பதால் இது தேவைப்பட்டது. வெளிநாட்டுப் பணம் இதிலும் உண்டு, ஆனால் முடிவு எடுத்தது ஊர்.

இதைப் பற்றி இனிப்பாக எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். சுமார் 280 கிராமங்களை எடுத்து, கூட்டம் நடந்த ஊர், நடக்காத ஊர் என்று பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2016இல் சயின்ஸ் இதழில் வந்தது. கூட்டம் நடந்த ஊர்களில் மன்னிப்பு கூடியிருந்தது, மக்கள் பொது வேலைகளில் அதிகம் கலந்துகொண்டார்கள். அதே ஊர்களில் மனச்சோர்வு, பதற்றம், பழைய நினைவின் தாக்கம் ஆகியவையும் கூடியிருந்தன, இரண்டரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் குறையவில்லை. ஊர் ஆறியது, அந்தப் புண்ணைத் திறந்து காட்டியவர் ஆறவில்லை. ஒரு ராத்திரி பேச வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏறும் எந்த அமைப்பும் இதைப் படிக்க வேண்டும். மனநல உதவி கூடவே போயிருக்க வேண்டும். ஆனால் அப்போது மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லாத நாடு அது.

அமைதிப்படையும் உதவி அமைப்புகளும் பாலியல் சுரண்டலில் ஈடுபட்டதாக வந்த செய்தி உண்மையா?

2002இல் ஐநா அகதிகள் ஆணையமும் சேவ் த சில்ட்ரன் அமைப்பும் சேர்ந்து கினி, லைபீரியா, சியரா லியோன் முகாம்களில் விசாரித்தபோது, உணவுக்கும் பொருளுக்கும் பதிலாகச் சிறுமிகளைச் சுரண்டிய குற்றச்சாட்டுகள் வந்தன, உதவிப் பணியாளர்கள் மீதும் அமைதிப்படையினர் மீதும். அடுத்த வருடம் ஐநா கடுமையான விதிகளை வெளியிட்டது. ஆனால் படையினரைத் தண்டிக்கும் அதிகாரம் அவரவர் நாட்டிடமே இருப்பதால், பெரும்பாலும் ஊருக்கு அனுப்பிவிடுவதோடு கதை முடிந்துவிடுகிறது. இந்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கிறது.

ரத்த வைரத்தைத் தடுத்துவிட்டார்களா?

ஓரளவு. 2000 ஜூலையில் சியரா லியோனின் சான்றிதழ் இல்லாத பட்டை தீட்டாத வைரத்துக்கு ஐநா தடை போட்டது. ரத்த வைரம் சந்தைக்கு வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து ஏற்படுத்திய கிம்பர்லி சான்றிதழ் முறை 2003இல் நடைமுறைக்கு வந்தது. உலக வைரத்தில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது குஜராத்தின் சூரத்தில் என்பதால் இந்தியா இதில் வெறும் பார்வையாளர் இல்லை. குறை என்னவென்றால், கலகக்காரர்கள் விற்கும் வைரம் மட்டும்தான் அந்த முறையின் கணக்கில் ரத்த வைரம். அரசே சுரங்கத்தில் ஆட்களை அடித்து வேலை வாங்கினால் சான்றிதழ் சுத்தமாகக் கிடைத்துவிடும்.

இதே போல இலங்கையில் ஏன் நடக்கவில்லை?

தமிழில் இந்த விஷயத்தைப் பேசினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சியரா லியோன் உண்மை ஆணையத்தில் இருந்த தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் யாஸ்மின் சூக்காதான், இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தைப் பற்றி ஐநா பொதுச்செயலாளருக்கு 2011இல் அறிக்கை கொடுத்த மூவர் குழுவிலும் இருந்தார். அறிவு ஒன்றுதான், ஆட்களும் ஒன்றுதான். வித்தியாசம் அரசிடம்: சியரா லியோனில் நாட்டின் ஜனாதிபதியே கடிதம் எழுதி நீதிமன்றம் கேட்டார், ஏனென்றால் எதிரிதான் கூண்டில் ஏறுவான் என்று நம்பினார். இலங்கையில் போரில் ஜெயித்த அரசே கேள்விக்கு ஆளாகும் நிலை. வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் முறையைப் பேசிய 2015ஆம் ஆண்டு மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்தை இலங்கை முதலில் சேர்ந்து முன்மொழிந்தது, 2020இல் விலகிக்கொண்டது. ஜெயித்தவர்களை விசாரிக்கும் வழி சர்வதேச அமைப்புகளிடம் அநேகமாகக் கிடையாது.

இப்போது அங்கே எப்படி இருக்கிறது?

போர் திரும்பி வரவில்லை, இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2007இலும் 2018இலும் ஆளும் கட்சி தேர்தலில் தோற்று அமைதியாக இறங்கிப்போனது. அமைதிப்படை 2005 கடைசியில் கிளம்பியது, மிச்சமிருந்த ஐநா அரசியல் அலுவலகம் 2014 மார்ச்சில் மூடப்பட்டது, அப்போதைய ஐநா பொதுச்செயலாளர் பான் கி மூன் நேரில் வந்து விடைபெற்றார். இரண்டு மாதம் கழித்து எபோலா வந்தது, அதுவும் போர் தொடங்கிய அதே கைலாஹுன் மாவட்டத்தில் முதலில். சுமார் 4,000 பேர் இறந்தார்கள். இத்தனை வருட அமைதிப் பணியில் நீதிமன்றம் கட்டினார்கள், போலீஸுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மருத்துவமனையை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

2023 தேர்தல் முடிவை எதிர்க்கட்சி ஏற்கவில்லை. எக்கோவாஸ், ஆப்பிரிக்க ஒன்றியம், காமன்வெல்த் மூன்றும் நடுவில் இருந்து அக்டோபரில் அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரு உடன்பாடு செய்துவைத்தன. அடுத்த மாதமே ஃபிரீடவுனில் ஆயுதக் கிடங்கும் சிறைகளும் தாக்கப்பட்டன, ராணுவப் புரட்சி முயற்சி என்றது அரசு. எக்கோவாஸ் தலையிட்டு, வழக்கில் சிக்கிய முன்னாள் ஜனாதிபதி எர்னஸ்ட் பாய் கொரோமா சிகிச்சைக்காக நைஜீரியா போக வழி செய்தது. அந்த எக்கோவாஸே இப்போது பலவீனமாகக் கிடக்கிறது. ராணுவ ஆட்சி நடக்கும் மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் அதை விட்டு வெளியேறிவிட்டன.